பூமியோட 456 கோடி வருஷம் ஒரே பக்கத்துல: ஐசிஎஸ் சார்ட் ரிவ்யூ

ஜியாலஜி டைம் ஸ்கேல் புரியணும்னு தேட ஆரம்பிச்சா ஆயிரம் படம் கிடைக்கும், ஒண்ணுல கேம்ப்ரியன்ங்கற காலம் 570 மில்லியன் வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிக்கும், ஒண்ணுல 541ன்னு இருக்கும், ஒண்ணுல டெர்ஷியரின்னு ஒரு பெட்டி இருக்கும், இன்னொண்ணுல அந்தப் பேரே இருக்காது. எதை நம்பறதுன்னு குழப்பமா இருக்கா, நேரா மூலத்துக்குப் போயிடுங்க. அந்த மூலம்தான் இன்டர்நேஷனல் க்ரோனோஸ்ட்ராட்டிகிராஃபிக் சார்ட். இன்டர்நேஷனல் கமிஷன் ஆன் ஸ்ட்ராட்டிகிராஃபின்னு ஒரு அமைப்பு, சுருக்கமா ஐசிஎஸ், ஐயுஜிஎஸ்ங்கற சர்வதேச ஜியாலஜி யூனியனுக்குக் கீழ வேலை பாக்குது, அவங்க வெளியிடற சார்ட் இது. ஒரே பக்கம், பிடிஎஃப், அவங்க வெப்சைட்ல இலவசமாவே கிடைக்குது. நான் கையில வெச்சுப் பேசறது 2024 டிசம்பர் பதிப்பு.

முதல்லயே என் தீர்ப்பைச் சொல்லிடறேன். இந்த விஷயத்தைக் கத்துக்கறதுக்கு இதைவிட நேர்மையான பொருள் வேற இல்லை, ஆனா இதை மட்டும் தனியா வெச்சுக் கத்துக்கிட்டா மனசுல ஒரு தப்பான படம் உக்காந்துடும். ரெண்டுக்கும் காரணம் சொல்றேன்.

திறந்த உடனே கண்ணுல படறது கலர் கலரா பெட்டிங்கதான். நாலு பெரிய பத்தி. முதல் பத்தில நம்ம காலத்துலேர்ந்து கிரெட்டேசியஸ் வரைக்கும், ரெண்டாவதுல ஜுராசிக்லேர்ந்து கார்பனிஃபெரஸ் வரைக்கும், மூணாவதுல டெவோனியன்லேர்ந்து கேம்ப்ரியன் வரைக்கும், நாலாவதுல அதுக்கும் முன்னாடி நடந்த அத்தனையும். ஒவ்வொரு பத்திக்குள்ளயும் இடமிருந்து வலமா பெரிய பிரிவுலேர்ந்து சின்ன பிரிவு: இயான், எரா, பீரியட், எபோக், ஏஜ். தபால் விலாசம் மாதிரிதான் இது, மாநிலம், மாவட்டம், தாலுகா, கிராமம்னு உள்ள உள்ள போறோம்ல. இப்ப நாம இருக்கற நேரத்துக்கு ஃபனரோசோயிக் இயான், செனோசோயிக் எரா, குவாட்டர்னரி பீரியட், ஹோலோசீன் எபோக், மேகாலயன் ஏஜ். டைனோசரோட கடைசி நாளுக்கு ஃபனரோசோயிக், மெசோசோயிக், கிரெட்டேசியஸ், லேட் கிரெட்டேசியஸ், மாஸ்ட்ரிக்டியன். இப்படி நாலஞ்சு உங்களுக்குப் பிடிச்ச விஷயத்துக்கு எழுதிப் பாத்தாலே பிரிவுகளோட அடுக்கு கைக்கு வந்துடும், மனப்பாடம் பண்ணவே வேண்டாம்.

எண்களைப் படிக்கறதுக்கு ஒரு வழி சொல்றேன், நமக்கு இது ரொம்ப சவுகரியம். சார்ட்ல எல்லா வயசும் மில்லியன் வருஷத்துல இருக்கும். அதை பத்தால வகுத்தா கோடி. 66.0ன்னா 6.6 கோடி, 251.902ன்னா கிட்டத்தட்ட 25.19 கோடி, 538.8ன்னா 53.88 கோடி, அடிமட்டத்துல இருக்கற 4567ன்னா 456.7 கோடி. இப்படி மாத்திப் படிச்சதும்தான் எண்ணுக்கு ஒரு கனம் வருது, மில்லியன் மில்லியன்னே படிச்சிட்டிருந்தா எல்லாம் ஒரே சத்தமா கேக்கும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். நிறைய பேர் இந்த சார்ட்டை வாங்கினதும் பெட்டிக்குள்ள இருக்கற பேரைப் படிக்கறாங்க. ஃபனரோசோயிக்ல மட்டும் கடைசி மட்ட பிரிவு நூத்துக்கு மேல இருக்கு, அதை உருப்போட்டு ஒண்ணும் ஆகப்போறதில்லை. பெட்டியை விடுங்க, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல ஓடற கோட்டைப் படிங்க. ஏன் அந்த இடத்துல கோடு போட்டாங்கங்கறதுலதான் மொத்த கதையும் இருக்கு. நல்ல வேளையா சார்ட்டே அதைக் காட்டிக்குடுக்குது, நிறைய கோட்டுப் பக்கத்துல சின்னதா ஒரு தங்க ஆணி படம் போட்டிருப்பாங்க. கோல்டன் ஸ்பைக்னு சொல்லுவாங்க. அந்த ஆணி இருந்தா, உலகத்துல ஏதோ ஒரு இடத்துல, ஒரு குறிப்பிட்ட பாறைல, ஒரு குறிப்பிட்ட அடுக்கைக் காட்டி "இங்கேர்ந்துதான் இந்தக் காலம் ஆரம்பம்"னு சர்வதேச ஜியாலஜிஸ்ட் குழுக்கள் ஓட்டு போட்டு ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். முதல் ஆணி 1972ல அடிச்சாங்க, இப்ப செக் நாட்டுல இருக்கற க்ளோங்க்ங்கற இடத்துல, சிலூரியன் முடிஞ்சு டெவோனியன் ஆரம்பிக்கற கோட்டுக்கு.

இதுல ஒரு அழகான விதி இருக்கு. ஒரு காலத்தோட அடிக்கோட்டை மட்டும்தான் நிர்ணயம் பண்ணுவாங்க, மேல்கோட்டை நிர்ணயம் பண்ணவே மாட்டாங்க. அடுத்த காலம் எங்க ஆரம்பிக்குதோ அங்க இது தானா முடிஞ்சிடும். ரெண்டையும் தனித்தனியா நிர்ணயம் பண்ணினா நடுவுல இடைவெளி விழலாம், இல்லை ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கலாம், அந்தத் தொல்லையே வரக்கூடாதுன்னு யோசிச்சு வெச்சிருக்காங்க. அதனால சார்ட்டை எப்பவும் கீழேர்ந்து மேல படிக்கணும். பாறையும் அப்படித்தானே படிஞ்சுது, பழசு கீழ, புதுசு மேல, 1669லயே ஸ்டெனோ சொல்லிட்டுப் போன விஷயம்.

ரெண்டு மூணு கோட்டை எடுத்துப் பாக்கலாம், அப்பதான் நான் சொல்றது புரியும்.

பெர்மியன் முடிஞ்சு ட்ரயாசிக் ஆரம்பிக்கற கோடு, 251.902. இதோட ஆணி சீனால மெய்ஷான்ங்கற இடத்துல 27சின்னு நம்பர் போட்ட அடுக்கோட அடில இருக்கு, 2001ல முடிவு பண்ணினது. பூமி பாத்ததுலயே பெரிய உயிரழிவு இந்தக் கோட்டைச் சுத்திதான் நடந்துது, கடல்ல இருந்த இனங்கள்ல பெரும்பகுதி போச்சு, சைபீரியால பெருக்கெடுத்த எரிமலைக் குழம்பும் அதுலேர்ந்து வந்த வாயுக்களும்தான் முக்கியக் காரணம்னு பெரும்பாலானவங்க ஒத்துக்கறாங்க. ஆனா கவனிங்க, ஆணியை அழிவு நடந்த அடுக்குல அடிக்கலை. அழிவு கொஞ்சம் கீழ, 25ஆவது அடுக்கு பக்கத்துலயே தெரியுது. ஆணி அடிச்சது ஹிண்டியோடஸ் பார்வஸ்ங்கற ஒரு கோனோடான்ட், அதாவது விலாங்கு மாதிரி இருந்த சின்ன கடல் பிராணி, அதோட ஃபாசில் முதல் முதலா தலைகாட்டற இடத்துல. ஏன்னா செத்துப்போனதை வெச்சு கோடு போடறது கஷ்டம், ஒரு இனம் ஒரு இடத்துல முன்னாடியே காணாம போகும், இன்னொரு இடத்துல இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். புதுசா ஒண்ணு வந்து சீக்கிரமா உலகக் கடல் முழுக்க பரவினா அதை எந்த நாட்டுப் பாறைலயும் தேடிக் கண்டுபிடிக்கலாம். இந்த ஒரு கோட்டைப் புரிஞ்சுக்கிட்டாலே மொத்த சார்ட்டோட லாஜிக்கும் பிடிபட்டுடும்.

கிரெட்டேசியஸ் முடியற கோடு வேற மாதிரி. அதோட ஆணி துனிசியால எல் கெஃப்ங்கற இடத்துல இருக்கு, அங்க ஒரு மெல்லிசான களிமண் அடுக்குல இரிடியம் அளவுக்கு மீறி இருக்கு. இரிடியம் பூமியோட மேல்பரப்புல ரொம்ப அபூர்வம், விண்கல்லுல நிறைய இருக்கும். மெக்சிகோல சிக்சுலுப்ல விழுந்த அந்தக் கல்லோட தூசு உலகம் பூரா படிஞ்சதோட அடையாளம் இது. இங்க மட்டும் இயற்கையே கோடு போட்டுக் குடுத்துட்டுது, ஜியாலஜிஸ்ட்டுங்க அதைக் காட்டினாங்க, அவ்வளவுதான்.

கேம்ப்ரியன் ஆரம்பிக்கற கோடுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கனடால நியூஃபவுண்ட்லேண்ட்ல ஃபார்ச்சூன் ஹெட்னு ஒரு கடலோரப் பாறை, 1992ல முடிவானது. அங்க அடையாளமா எடுத்துக்கிட்டது ஒரு பிராணியோட உடம்பைக்கூட இல்லை, ஏதோ ஒரு புழு மாதிரி ஜீவன் கடலடி மண்ணுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போன தடம். ட்ரெப்டிக்னஸ் பெடம்னு அந்தத் தடத்துக்குப் பேரு. அந்தப் பாதையை வெட்டினது யாருன்னே தெரியாது, ஆனா பூமியோட வரலாறை அதுக்கு முன்னாடி பின்னாடின்னு ரெண்டா பிரிக்கற கோடு அங்க ஓடுது.

இதே கோட்டை வெச்சு இன்னொரு விஷயமும் சொல்லணும், ஆரம்பத்துல சொன்ன 570, 541 குழப்பத்துக்கு பதிலும் இதுலதான் இருக்கு. ஃபார்ச்சூன் ஹெட்ல அடிச்ச ஆணி 1992லேர்ந்து அதே இடத்துலதான் இருக்கு. ஆனா சார்ட்ல அந்தக் கோட்டோட வயசு 541.0லேர்ந்து 538.8க்கு மாறிடுச்சு. கோடு நகரவே இல்லை, அந்தக் கோட்டோட வயசை அளக்கற திறமைதான் கூடிடுச்சு. எரிமலைச் சாம்பல்ல இருக்கற சிர்கான்ங்கற கனிமத்துக்குள்ள யுரேனியம் மெதுவா ஈயமா மாறும், எவ்வளவு மாறியிருக்குன்னு அளந்தா வயசு தெரியும். அந்தச் சாம்பல் அடுக்கு ஆணி அடிச்ச இடத்துலயே கிடைக்கணும்னு இல்லை, வேற நாட்டுல அதே காலத்து பாறைல கிடைக்கும், அதை இதோட பொருத்திப் பாத்துதான் எண் போடறாங்க. ஃபனரோசோயிக்குக்கும், கேம்ப்ரியனுக்கு நேர் முன்னாடி இருக்கற எடியாகரனுக்கும் ஆணிதான் காலத்தை நிர்ணயிக்குது, எண் திருத்தத்துக்கு உட்பட்டதுன்னு சார்ட்டோட ஓரத்துல பொடி எழுத்துல எழுதியே வெச்சிருக்காங்க. அந்தப் பொடி எழுத்தை தயவுசெஞ்சு படிங்க, சார்ட்டுலயே மதிப்புள்ள பகுதி அதுதான்.

எண்ணுக்குப் பக்கத்துல இருக்கற ± குறியையும் விட்டுடாதீங்க. பெர்மியன் ட்ரயாசிக் கோட்டுக்கு ±0.024ன்னு போட்டிருக்கும், அதாவது 25 கோடி வருஷத்துக்கு முந்தின விஷயத்தை 24,000 வருஷ வித்தியாசத்துக்குள்ள சொல்றாங்க. வேற சில கோட்டுக்கு அலைக்குறி போட்டு "சுமாரா"ன்னு மட்டும் சொல்லியிருப்பாங்க. கிரெட்டேசியஸோட அடிக்கோட்டுக்கு இன்னும் ஆணியே அடிக்கலை, பல வருஷமா பேச்சுவார்த்தை ஓடுது, வயசும் 145லேர்ந்து 143.1க்கு இந்தப் பதிப்புலதான் மாறியிருக்கு. தனக்கு எது உறுதியா தெரியும், எது அரைகுறையா தெரியும்னு ஒரே பக்கத்துல வெளிப்படையா காட்டற ஒரு பாடப்பொருளை நான் அதிகம் பாத்ததில்லை. இதுக்காகவே தனியா பாராட்டணும்.

கலரைப் பத்தி சுருக்கமா. அது அழகுக்காக போட்டது இல்லை, உலக ஜியாலஜிகல் மேப் கமிஷன்னு பாரிஸ்ல இருக்கற அமைப்பு நிர்ணயிச்ச கலர். ஜுராசிக் நீலம், கிரெட்டேசியஸ் பச்சை, ட்ரயாசிக் ஊதா, டெவோனியன் பழுப்பு. இந்தக் கலர் முறையில போட்ட எந்த மேப் கைக்கு வந்தாலும் எந்த ஊர்ப் பாறை எந்தக் காலத்துதுன்னு சார்ட்டை பக்கத்துல வெச்சுப் படிச்சிடலாம். கறுப்பு வெள்ளைல மட்டும் பிரிண்ட் எடுத்துடாதீங்க, பாதிப் பயன் போயிடும். ஏ4ல எடுத்தா ஏஜ் பேரெல்லாம் எறும்பு சைஸ்ல வரும், ஏ3 எடுங்க.

இப்ப குறைக்கு வரேன், குறைன்னா சின்னது இல்லை.

இந்த சார்ட் அளவுக்கு சரியா வரைஞ்சது கிடையாது. நாலு பத்தில மூணு பத்தி ஃபனரோசோயிக்குக்கு போயிடுச்சு, அது மொத்தமே 53.88 கோடி வருஷம். மீதி 400 கோடி வருஷத்துக்கு மேல, அதாவது பூமியோட வயசுல 88 சதவீதம், கடைசி பத்தில ஒரு பகுதியா சுருங்கிக் கிடக்கு. முதல் உயிர் வந்தது, காத்துல ஆக்சிஜன் ஏறினது, பூமி கிட்டத்தட்ட முழுக்க பனியில உறைஞ்ச க்ரையோஜீனியன், எல்லாமே அந்த ஓரத்துலதான். இதையே பாத்துப் பழகின பசங்களுக்கு பூமின்னாலே ட்ரைலோபைட்டும் டைனோசரும்தான்னு தோணிடும். தெரிஞ்ச விஷயம் அங்க நிறைய இருக்கறதால அப்படி வரைஞ்சிருக்காங்க, அந்த நியாயம் புரியுது, ஆனாலும் கத்துக்கறவங்களுக்கு இது பெரிய இடைஞ்சல்.

இதுக்கு மாத்து, நீளமா ஒரு பேப்பர் சுருளை எடுத்து 10 லட்சம் வருஷத்துக்கு 1 மில்லிமீட்டர்னு நீங்களே வரைஞ்சிடுங்க. மொத்த நீளம் 4 மீட்டர் 57 சென்டிமீட்டர் வரும். ஃபனரோசோயிக் கடைசி 54 சென்டிமீட்டர்தான். டைனோசர் அழிஞ்சது முனையிலேர்ந்து 6.6 சென்டிமீட்டர்ல. குவாட்டர்னரி முழுசும் 2.6 மில்லிமீட்டர், நம்ம மனுஷ இனம் ஒரு 0.3 மில்லிமீட்டர், ஹோலோசீனை பென்சில் கோட்டாலகூட போட முடியாது. இன்னொண்ணும் குறிச்சுப் பாருங்க, ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது சுமார் 15 சென்டிமீட்டர்ல, டி ரெக்ஸ் 7 சென்டிமீட்டருக்குள்ள. ஸ்டெகோசாரஸுக்கும் டி ரெக்ஸுக்கும் இருந்த இடைவெளி, டி ரெக்ஸுக்கும் நமக்கும் இருக்கற இடைவெளியைவிட அதிகம். சார்ட்ல இதைப் பெட்டியா பாத்தா உறைக்காது, சுருள்ல பாத்தா ஒரு நிமிஷம் பேச்சு வராது. சார்ட்டும் சுருளும் ஜோடியா இருந்தாதான் பாடம் முழுசாகும்.

அடுத்த குறை, அந்த நாலாவது பத்தியோட கோடுங்க. அங்க பெரும்பாலும் ஆணிக்கு பதிலா கடிகாரப் படம் இருக்கும். அதுக்கு அர்த்தம், பாறைல இடம் காட்டலை, ஒரு எண்ணை மட்டும் ஒத்துக்கிட்டாங்க. ஆர்க்கியன் முடிஞ்சு ப்ரோட்டரோசோயிக் ஆரம்பம் 2500, அப்பறம் 1600, 1000ன்னு முழு எண்ணா இருக்கறதைப் பாத்தாலே தெரியும். ஓடு உள்ள ஃபாசில் இல்லாத காலத்துல வேற வழி இல்லை, அதைக் குத்தம் சொல்லலை. ஆனா இந்தக் கோடும் மெய்ஷான் கோடும் ஒரே தன்மை இல்லைங்கறது அந்தக் குட்டிப் படத்தை கவனிச்சாதான் தெரியும், கோட்டையே வேற மாதிரி வரைஞ்சிருக்கலாம். எடியாகரன் மட்டும் விதிவிலக்கு, 2004ல ஆஸ்திரேலியாவோட ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடர்ல அதுக்கு முறையா ஆணி அடிச்சாச்சு.

கேம்ப்ரியன் பெட்டிக்குள்ள போனா ஏஜ் மட்டத்துல ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3, ஸ்டேஜ் 4, ஸ்டேஜ் 10ன்னு வெறும் நம்பரா இருக்கும், பிரிண்ட் கோளாறுன்னு நினைச்சிடாதீங்க. அதுக்கெல்லாம் இன்னும் இடமும் பேரும் முடிவாகலை. வேலை நடந்துட்டே இருக்கு.

டெர்ஷியரி எங்கன்னு தேடறவங்களுக்கு: அது இப்ப சார்ட்ல இல்லை, அந்தக் காலத்தை பேலியோஜீன், நியோஜீன்னு ரெண்டு பீரியடா பிரிச்சாச்சு. கிரெட்டேசியஸ் முடியற கோட்டை கேடி (கிரெட்டேசியஸ்-டெர்ஷியரி) எல்லைன்னு படிச்சவங்க இப்ப கேபிஜி (கிரெட்டேசியஸ்-பேலியோஜீன்)ன்னு படிக்கணும். குவாட்டர்னரிக்கும் ஒரு கண்டம் வந்துது, அதை முழு பீரியடா வெச்சுக்கறதா வேண்டாமான்னு பெரிய சண்டை நடந்து, 2009லதான் அதை உறுதி பண்ணி ஆரம்பத்தையும் 18 லட்சத்துலேர்ந்து 25.8 லட்சம் வருஷத்துக்கு பின்னாடி தள்ளினாங்க. பழைய புத்தகத்துல வேற எண் இருந்தா புத்தகம் தப்புன்னு இல்லை, அது அச்சான காலத்துல அதுதான் சரி.

மேல் நுனில மேகாலயன்னு ஒரு சின்ன பெட்டி இருக்கே, அது 2018ல வந்தது. சுமார் 4,200 வருஷத்துக்கு முன்னாடி பல பகுதிகள்ல கடுமையான வறட்சி வந்துது, அதோட தடம் மேகாலயால மாவ்ம்லூ குகைல சொட்டுச் சொட்டா வளர்ந்த ஒரு கல்லுக்குள்ள பதிஞ்சிருக்கு, அந்தக் கல்தான் ஆணி. ஹோலோசீனோட ஆரம்பத்துக்கு க்ரீன்லேண்ட் பனிக்கட்டில ஆழமா துளை போட்டு எடுத்த தண்டு. இந்த மேல் பகுதிக்கு வந்தா கடல் பாறை மட்டும் இல்லை, பனியும் குகைக்கல்லும்கூட ஆணி தாங்குது.

ஆந்த்ரோபசீன், அதாவது மனுஷன் பூமியை மாத்தின காலம்னு சொல்றது, எங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. சார்ட்ல கிடையாது. 2009லேர்ந்து ஒரு குழு உக்காந்து, கனடால க்ராஃபோர்ட் ஏரியோட அடிமண்ணை ஆணியா முன்மொழிஞ்சு, அணுகுண்டு சோதனைலேர்ந்து விழுந்த புளூட்டோனியத்தை அடையாளமா வெச்சு 20ஆம் நூற்றாண்டோட நடுவுல ஆரம்பிக்கலாம்னு சொன்னாங்க. 2024 மார்ச்ல ஓட்டெடுப்புல தோத்துடுச்சு, ஐயுஜிஎஸ்ஸும் அந்த முடிவை உறுதி பண்ணிடுச்சு. மனுஷன் பூமியை மாத்தலைன்னு யாரும் சொல்லலை, ஒரு எபோக்குக்கு வேண்டிய கோட்டை இப்பவே இங்க போட முடியாதுன்னுதான் சொன்னாங்க. வார்த்தை பொதுவா புழக்கத்துல இருக்கும், ஆனா பரீட்சைல ஹோலோசீன்னுதான் எழுதணும்.

வேற எதோட ஒப்பிடலாம்னா, ஜியாலஜிகல் சொசைட்டி ஆஃப் அமெரிக்காவும் தனியா ஒரு டைம் ஸ்கேல் போடறாங்க. அதுல பூமியோட காந்தப்புலம் எப்பெப்ப தலைகீழா திரும்புச்சுன்னு கறுப்பு வெள்ளைப் பட்டையா ஒரு பத்தி சேத்திருக்காங்க, அது இந்த ஐசிஎஸ் சார்ட்ல இல்லாத பெரிய வசதி. ஆனா ஆணிகளைப் பிடிச்சுக்கிட்டு கத்துக்கணும்னா ஐசிஎஸ்தான். ரெண்டுலயும் உயிரினப் படம் ஒண்ணுகூட இருக்காது, சின்னப் பசங்களுக்கு நேரா குடுத்தா சலிச்சிடுவாங்க, பக்கத்துல உக்காந்து கதை சொல்ல ஒரு ஆள் வேணும். ஐசிஎஸ் வெப்சைட்லயே க்ளிக் பண்ணிப் பாக்கற வடிவமும் இருக்கு, மொபைல்ல பாக்கறவங்க அதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்.

எடுக்கும்போது மேல பதிப்போட வருஷமும் மாசமும் போட்டிருக்கான்னு பாருங்க. எங்கேயோ யாரோ ஷேர் பண்ணின படத்துல அது வெட்டுப்பட்டிருக்கும், அப்படிப்பட்டதை வெச்சு எண்ணைப் படிக்காதீங்க. ஐந்துக்கு நாலரை குடுக்கறேன். அந்த அரையையும் வாங்கிக்க அடுத்த பதிப்புல ஓரமா ஒரு மெல்லிசு பட்டை போட்டாப் போதும், 456.7 கோடி வருஷமும் அளவு மாறாம, கேம்ப்ரியன் எங்க ஆரம்பிக்குதுன்னு ஒரு குறியோட.